முயல் மட்டை வாங்கப் போனது

பனி படர்ந்த மலைப் புல்வெளியில் ஒரு முயல் கோல்ஃப் ஆடி வந்தது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அதன் பந்து ஏரியைத் தாண்டாது, தண்ணீரில்தான் விழும். ஏரியில் வாழும் நீர்நாய் முங்கி எடுத்துவந்து கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கும். முயலுக்கோ வெட்கம் பிடுங்கித் தின்னும்.

ஏரிக்கரையில் கடை வைத்திருந்த கீரியிடம் போய், தூரமாக அடிக்கிற, 'டிரைவர்' என்கிற மட்டை கேட்டது.

கீரி இரண்டை எடுத்து வைத்தது. "இது தலை பெருசுங்க, தப்பா அடிச்சாலும் நேராப் போகும். இது தலை சின்னது, சரியாப் பட்டா மேகத்துக்குள்ள போயிடும். அடிச்சுப் பாத்துட்டே வாங்குங்க."

முயல் சின்னத் தலை மட்டையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வீசியது. பந்து ஏரியைத் தாண்டிப் பனிக்குள் மறைந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. தானே பறப்பதுபோல் முயலுக்கு உடம்பு லேசானது.

தண்ணீரிலிருந்து நீர்நாய் தலை நீட்டியது. "அடேயப்பா! இனிமே நான் வர வேண்டியதில்ல, இல்லையா?" என்று சிரித்துவிட்டு மெல்ல முங்கியது.

நீர்வளையங்கள் அடங்கும்வரை முயல் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு கீரியிடம் கேட்டது:

"ஏங்க, இவ்வளவு தூரம் போகாத மட்டை இருக்குங்களா?"