மருமகளின் சிறுநீரகம்

ஸ்கேன் சென்டர் ஜன்னல் வெயிலில் மருமகள் ரெஜினாவின் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள் சூசையம்மாள். பீங்கான் கம்பெனிப் புழுதி கண்ணாடியில் வெள்ளையாய் அப்பியிருக்கிறது. "கிட்னி சின்னதா இருக்குதாம். கொறையுள்ள பொண்ண எந்தலையில கட்டிட்டானுங்க. இன்னைக்கே அவ அம்மா வூட்டுக்கு பஸ்ஸு ஏத்திவுடு அமலு," என்கிறாள் மகனிடம். "புத்தகத்துல இருக்குறது வெள்ளக்காரங்க அளவும்மா. நம்ம ஆளுங்களுக்கு இவ்ளோதான் இருக்கும். நோயெல்லாம் ஒண்ணுமில்ல," என்கிறார் டாக்டர். "வெள்ளக்காரிக்கு இருக்குறது இவளுக்கு ஏன் இல்ல?" என்கிறாள் சூசையம்மாள். ரெஜினா கணவனைப் பார்க்கிறாள். அவன் தன் செருப்பைப் பார்க்கிறான். "டாக்டர், இவரையும் படுக்கவச்சி அளந்துடுங்க. சின்னதா இருந்தா ரெண்டு பேரையும் அத்த ஒரே பஸ்ஸுல ஏத்திவுடட்டும்," என்கிறாள் ரெஜினா. அமலின் கை, சட்டை நுனியை இழுத்து இடுப்போடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது.