கஸ்பாரின் ஏழு மாதப் பாவசங்கீர்த்தனம்

"இந்த வாரம் ஒண்ணே ஒண்ணுதாங்க சாமி," என்று சல்லடை ஜன்னலில் வாயை வைத்துக் கிசுகிசுத்தான் கஸ்பார்.

பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த பங்குச் சாமியார் தொண்டையைச் செருமினார்.

வெளியே வரிசையில் ராணியம்மாளும் இன்னாசியும் நின்றிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கஸ்பார் முழங்காலிட்டால் எழுந்திருக்க அரை மணி நேரம் ஆகும் என்பது ஊருக்கே தெரியும்.

"தக்காளி மண்டியில தரகு பாத்தா இவ்ளோ பாவமா சேரும்?" என்றாள் ராணியம்மாள்.

"வெங்காயமும் பாக்கறானில்ல," என்றார் இன்னாசி.

அவர்களுக்கு விஷயம் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் கஸ்பார் இந்த இடத்தைப் பிடித்தான். மாரண்டஹள்ளியில் ஒரு ரகசியத்தை யாரிடமாவது சொன்னால், பாலக்கோடு பஸ் கிளம்புவதற்குள் அது பாலக்கோட்டில் இறங்கியிருக்கும். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது மட்டும் சாமியாரின் கழுத்தை அறுத்தாலும் வெளியே வராது.

தவிர, சுற்றுவட்டாரத்தில் ரோமில் எட்டு வருஷம் படித்துவிட்டு வந்தவர் இந்தச் சாமியார் ஒருவர்தான்.

விஷயம் இதுதான். கஸ்பாரின் மனைவி ராஜமேரி, தினமும் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று போனில் இத்தாலியன் பேசுகிறாள்.

போன வருஷம் அவள் வெளிப்படையாகவே கேட்டாள். இத்தாலியில் கன்னியர் மடத்தில் இருக்கும் அவளுடைய சித்தி மகள், ஒரு முதியோர் இல்லத்தில் இவர்கள் இரண்டு பேருக்கும் வேலை பார்த்து வைத்திருந்தாள். பிள்ளைகள் பிளசியையும் டேவிட்ராஜையும் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். அந்த இல்லத்துக்காரர்களின் நிபந்தனை ஒன்றே ஒன்று. புருஷனும் பெண்டாட்டியும் மொழிப் பரீட்சை எழுதித் தேற வேண்டும்.

பரீட்சை என்ற சொல் காதில் விழுந்ததும் கஸ்பார் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை அன்று பள்ளிக்கூட மதிலேறிக் குதித்தவன் அவன். அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாக வண்டிகூட ஓட்டியதில்லை.

"நானும் போவல, நீயும் போவல," என்று தீர்ப்புச் சொன்னான்.

ராஜமேரி சண்டை போடவில்லை. அதுதான் முதல் சந்தேகம்.

இரண்டாவது சந்தேகம், அவளுடைய துணிச்சல். திருட்டுத்தனமாகப் பேசுகிறவள் ஆளில்லாத நேரம் பார்த்துப் பேச வேண்டாமா? இவளோ அவன் பல் விளக்க வேப்பமரத்தடிக்கு வரும் நேரத்தில் சரியாக ஆரம்பிப்பாள்.

காதில் விழுவதைக் காலண்டர் தாளின் முதுகில் எழுதிக்கொண்டு வந்து சாமியாரிடம் அர்த்தம் கேட்பான். அவர் சொல்லும் அர்த்தங்கள் எல்லாம் சந்தேகப்படும் அளவுக்குச் சாதுவாக இருந்தன. ரயில் நிலையம் எங்கே இருக்கிறது? இன்றைக்கு மழை வரும். தக்காளி கிலோ என்ன விலை?

கடைசி வாக்கியம் அவனை ஒரு வாரம் அலைக்கழித்தது. மண்டியிலேயே ஒரு புருஷனை வைத்துக்கொண்டு, இவள் யாரிடம் போய் இத்தாலியனில் தக்காளி விலை கேட்கிறாள்?

பிறகு சாமியார் மேலேயே சந்தேகம் வந்தது. ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் கேட்டால், "மொதல்ல அதோட வினைச்சொல்லத் தெரிஞ்சுக்கப்பா," என்று ஆறு வடிவத்தையும் ஒப்பிக்க வைத்தார். எழுந்திருக்கும்போது பரிகாரமாகப் பத்து 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்லாமல் பத்து வார்த்தை மனப்பாடம் பண்ணச் சொன்னார். எதையோ மறைக்கத்தான் இப்படி இழுக்கிறார் என்று கஸ்பாருக்குப் பட்டது. அவரைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காகவே எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணினான்.

அப்படியே ஏழு மாதம் ஓடிவிட்டது.

இன்றைக்குக் காலையில் கொட்டகைக்குப் பின்னாலிருந்து வந்தது ஒரே ஒரு வாக்கியம். மியோ மரீத்தோ நொன் வியேனே.

"அர்த்தம் கேக்க வரலீங்க சாமி. எனக்கே புரிஞ்சிருச்சு." கஸ்பாரின் குரல் இறங்கியது. "என் வூட்டுக்காரர் வரலைன்னு யார்கிட்டயோ சொல்றா. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அவ மட்டும் போவப் போறா."

சல்லடைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு சாமியார் சாவகாசமாக, இத்தாலியனில் கேட்டார். நீ?

தக்காளிப் பெட்டிக்கு ஏலம் கூறுகிற வேகத்தில் கஸ்பார் பதில் சொன்னான். நானும் போவேன். அவர்கள் இல்லாத வீட்டில் ஒரு நாள்கூட இருக்க மாட்டேன். மாட்டோடு நான் என்னத்தைப் பேசுவது? பிளசிக்கு நான் தலை பின்னிவிட்டால்தான் பிடிக்கும். அங்கே யார் பின்னுவார்கள்?

சொல்லி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் உறைத்தது, சொன்னது அத்தனையும் இத்தாலியன்.

அவசரமாகத் தமிழுக்கு வந்தான்.

"சாமி, இது யாருக்கும் தெரியக் கூடாதுங்க. பாவசங்கீர்த்தனத்துல சொன்னது."

"ஏழு மாசத்துல நீ ஒரு பாவங்கூடச் சொல்லலியேப்பா," என்றார் சாமியார் வருத்தமாக. "நான் எதைன்னு ரகசியமா வெச்சுக்கறது?"

அவர் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தார். கூண்டுக்கு இன்னொரு பக்கமும் ஒரு ஜன்னல் உண்டு, பெண்கள் முழங்காலிடும் பக்கம். அதன் பலகையைத் தள்ளித் திறந்தார்.

அங்கிருந்து ராஜமேரியின் குரல் வந்தது.

"பரீட்சைக்கு இது போதுங்களா சாமி?"