குடும்பத்தின் சம்மதம்

“குணமாகாத நோயாளியை மெஷினில் கட்டி வைத்து உயிரை இழுத்துப் பிடிக்காதீர்கள். வலியைப் போக்கி, நிம்மதியாக வழியனுப்பி வையுங்கள்!”

தலைமை மருத்துவர் பேசி முடித்தபோது முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டல் அடங்கவே நேரம் பிடித்தது.

பூங்கொத்தும் கையுமாக அவர் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். அன்றுதான் வேலையில் சேர்ந்திருந்த ஜூனியர் டாக்டர் பின்னாலேயே ஓடிவந்தாள்.

“சார், அந்த ஓரத்து பெட் பெரியவருக்கு கேன்சர் உடம்பு பூரா பரவிடுச்சு. இப்ப கிட்னியும் போச்சு. ட்யூபை எடுத்துடச் சொல்லி சைகையிலேயே கெஞ்சுறார்.”

“டயாலிசிஸ் ஆரம்பிச்சிடும்மா.”

“சார்... இப்பத்தானே மேடையில...”

“குடும்பம் ஒத்துக்கலையேம்மா. என்ன பண்றது?”

“உங்க பேச்சுக்குக் கல்லும் கரையும் சார். யாரு அங்க முரண்டு பிடிக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க, நானே பேசிப் பார்க்கிறேன்.”

அவர் ஓரத்து பெட்டுக்குப் போனார். ட்யூபைப் பிடுங்கப் போன பெரியவரின் கையை விலக்கி, கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்.

“கொஞ்சம் பொறுத்துக்குங்கப்பா” என்றார். “அம்மாதான் போயிட்டாங்க. நீங்களும் போயிட்டா எனக்கு யாருப்பா இருக்கா?”