விரல்ரேகை மாறாத படம்

புகார் வரும் சட்டவிரோதப் படங்களை இணையத்திலிருந்து நீக்குவதுதான் எங்கள் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நீண்ட எண் உண்டு, விரல்ரேகை என்போம். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும். பழைய ரேகை என்றால் படத்தைத் திறக்காமலே ‘தெரிந்தது’ என்று குறித்து நீக்கிவிடலாம். எனக்குத்தான் கை சும்மா இருக்காது, திறந்துவிடுவேன்.

நாற்காலியில் கட்டிப்போட்ட ஒரு பெண்ணின் படம் நீக்க நீக்கத் திரும்பி வந்தது. ஒன்பதாவது முறை அவளுடைய இடது கைக் கட்டு தளர்ந்திருந்தது. ரேகை அதேதான்.

“அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்” என்றேன் மேற்பார்வையாளரிடம்.

“ரேகை ஒண்ணுதானே? அப்புறம் என்னத்தப் பாக்கிற? நீக்கித் தள்ளு.”

இன்று பதினேழாவது முறை. நாற்காலி காலி, கயிறு தரையில் கிடந்தது. ரேகை அதேதான். நீக்கினேன்.

மாலை வாசலில் காவலாளி பதிவேட்டை நீட்டினார். “உங்க மாடியிலேருந்து ஒரு பொண்ணு மணிக்கட்டைத் தேய்ச்சுக்கிட்டே இறங்கிப் போச்சு. உள்ளே வந்ததை நான் பாக்கவே இல்லையே.”

வந்த நேரம் எழுதப்படவில்லை. பெயருக்கான கட்டத்தில் அந்தப் படத்தின் ரேகை எண், ஓர் இலக்கம் பிசகாமல், கட்டம் தாண்டித் தாளின் ஓரம்வரை எழுதப்பட்டிருந்தது.