சாதா ஈஸ்ட்

“மறுபடியும் செத்துப்போச்சு சார். ஒண்ணுகூட மிஞ்சல.”

கையிலிருந்த கண்ணாடித் தட்டை மேசைமேல் வைத்தாள் ஷாரோன். அவளுடைய ஆய்வு வழிகாட்டி தனசேகரன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இழவுச் செய்தி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர் போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

செத்தது ஆள் யாரும் இல்லை. ஈஸ்ட். பேக்கரியில் மாவைப் பொங்க வைக்குமே, அதே நுண்ணுயிர்தான்.

காட்மியம் கலந்த தண்ணீரில் சாதாரண ஈஸ்ட் பிழைக்காது. அப்படிப்பட்ட நச்சு உலோகத்துக்கும் அசராத ஈஸ்ட்டை, மரபணுவை மாற்றி உருவாக்கியிருந்தாள் ஷாரோன். ஏனாத்தூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருடமாக அதோடுதான் அவள் குடித்தனம். சாயப்பட்டறைக் கழிவுநீரை அதைக்கொண்டே சுத்தம் செய்துவிடலாம் என்பது அவள் கனவு.

அந்தப் புது ஈஸ்ட் சாகவில்லை. காட்மியத்தில் ஜம்மென்று வளர்ந்தது. மானத்தை வாங்கியது, ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வைத்திருந்த சாதா ஈஸ்ட்தான். அதற்கு விஷமே கிடையாது. தண்ணீர், சர்க்கரை, கதகதப்பான பெட்டி என்று மாப்பிள்ளை உபசாரம். அப்படியும் போய்ச் சேர்ந்துவிட்டது.

“காட்மியம் அதுக்கு ஆவாது, சரி. நாமதான் குடுக்கவே இல்லியேம்மா! சும்மா இருக்கிறப்பவே சாவுதுன்னா, உன் புது ஈஸ்ட்டோட பெருமைய எத வெச்சு நம்புவாங்க?” என்றார் தனசேகரன்.

“தெரியல சார்.”

“கிளாசெல்லாம் சரியா கழுவுனியா?”

“மூணு தரம் கழுவி, அவிச்சு எடுத்தேன் சார்.”

“தண்ணி?”

“ஊர்த் தண்ணியில வளரணும்னு நீங்க சொன்னாப்புல, ஊர்த் தண்ணிதான் சார். நானே புடிச்சு எடுத்துக்கினு வரேன்.”

“சர்க்கரை?”

“புது டப்பா சார்.”

“அப்ப உன் கைதான் சரியில்ல” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வெள்ளிக்கிழம கமிட்டி வருது. அதுக்குள்ள சாதா ஈஸ்ட் வளரலன்னா உன் ஆராய்ச்சிய ரத்து பண்ணிடுவாங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

ஷாரோன் வராந்தாவுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். ஐந்து வருடம் ஒரு கண்ணாடித் தட்டில் செத்துக் கிடந்தது. வீட்டில் என்னவென்று சொல்வது? வந்த வரன்களையெல்லாம், ‘பட்டம் வாங்கிட்டுத்தான்’ என்று இவளே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

தோழி சுகாசினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “என்கிட்ட சாதா ஈஸ்ட் நல்லா வளர்ந்த தட்டு ஒண்ணு இருக்குது. அத எடுத்து வெச்சிடேன். யாருக்குத் தெரியப்போவுது?”

ஷாரோன் அந்தத் தட்டைக் கையில் வாங்கினாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“இன்னும் ஒரு தரம் செஞ்சு பாக்கறேன்டி. செத்தா சாவட்டும்.”

பெரிய காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்வரும் நேரம்கூட வீணாகக் கூடாது என்று சுகாசினியின் ஹாஸ்டல் அறையிலேயே தங்கிவிட்டாள். பாட்டில்களைக் கழுவினாள், அவித்தாள், எல்லாவற்றையும் புதிதாகக் கலக்கினாள். சோறு இறங்கவில்லை. தெரிந்த ஜெபங்களை எல்லாம் சொல்லி முடித்து, தெரியாதவற்றையும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. பெட்டியைத் திறந்து சாதா ஈஸ்ட் தட்டை எடுத்தாள். பார்க்கத் தைரியம் வராமல் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தாள்.

தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

“சார்! உசுரோட இருக்குது சார்!”

அந்தக் கூச்சலில் தனசேகரன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தார். தட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல மாதம் கழித்து அவர் பல் தெரிந்தது.

“பொழைச்சுட்டேம்மா நீ! நானும்தான்!” என்றார். “சரி, கமிட்டில கேப்பாங்க. இந்தத் தரம் என்ன மாத்துன?”

“எதுவுமே மாத்தல சார். அதே ஈஸ்ட், அதே டப்பா சர்க்கரை...” கண்ணைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். “தண்ணி மட்டும் ஹாஸ்டல் குழாய்ல புடிச்சேன்.”

“முன்னெல்லாம்?”

“எங்க தெரு கிணத்துல புடிப்பேன் சார். ஊர்லயே ஒசந்த தண்ணி அது. அதுல சாயம் தோச்சா பட்டு தனியா மின்னும்னு சாயக்காரங்க தேடி வந்து, கிணத்துப் பக்கத்துலயே பட்டறை போட்டுக்கினு...”

அவள் பார்வை அலமாரியில் இருந்த காட்மியப் பாட்டிலில் போய் நின்றது. தனசேகரனின் சிரிப்பும் காணாமல் போயிருந்தது. தட்டை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

“அந்தத் தண்ணி சாயத்துக்கு மட்டும்தானேம்மா?”

ஷாரோன் அவசரமாகச் செல்போனைத் தேடினாள்.

“எங்க தெருவே அதத்தான் குடிக்குது சார்.”