குவைத் பனி மெஷின்

"இது வீடா, மாவு மில்லா?"

ஆரோக்கியமணி அம்மாள் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினாள். ஷோகேஸ் மேல் ஓர் இழுப்பு இழுத்த விரல். நுனியில் வெள்ளையாக அப்பியிருந்தது. மகனுக்குப் பெண் பார்க்க வந்தவள் இன்னும் பெண்ணைப் பார்க்கவில்லை. அதற்குள் ஷோகேஸ், டீப்பாய், ஜன்னல் விளிம்பு என்று ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருந்தாள்.

"காலையிலதான் துடைச்சோம், அக்கா" என்றாள் பெண்ணின் அம்மா ஈனிட். குரலே எழும்பவில்லை.

"காலையிலயா? எந்த வருஷத்துக் காலையில?"

மாப்பிள்ளை மோசஸ் களுக்கென்று சிரித்தான். முப்பத்திரண்டு வயதில் அவன் சொந்தமாகச் செய்தது மீசை வைத்தது ஒன்றுதான். அதையும் அம்மாவிடம் கேட்டுத்தான் வைத்திருப்பான்.

பெண்ணின் அப்பா இன்பநாதனுக்கு வியர்த்தது. மகள் மில்ட்ரெட்டுக்கு இருபத்தெட்டு ஆகிறது. மாப்பிள்ளைக்குக் கட்கியில் சொந்த வீடு, பாங்க் உத்தியோகம், பிக்கல் பிடுங்கல் இல்லாத ஒரே பையன். இதையும் கோட்டை விட்டால் புனேயில் இன்னொரு தமிழ்க் கிறிஸ்தவ மாப்பிள்ளையை எங்கே போய்ப் பிடிப்பது? அவசரமாகப் பேச்சை மாற்றினார். அதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி, ஹால் மூலையில் புகைந்துகொண்டிருந்த மெஷின்.

"சிஸ்டர், இதப் பாத்தீங்களா? ஹ்யூமிடிஃபயர்! என் தம்பி குவைத்துலருந்து அனுப்பினான். ஏப்ரல் மாசம் இங்க காத்து காஞ்சு கெடக்குல்ல, எனக்குத் தொண்டை வறண்டு போகும். தண்ணி ஊத்தினா பனி மாதிரி விடும். எங்க ஔந்த் ஏரியா பூராவும் தேடினாலும் இன்னொண்ணு கிடைக்காது. ஈனிட், இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து. நல்லா வரட்டும்!"

ஈனிட் உள்ளே போய் ஒரு ஜக் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். இன்பநாதன் திருகை முழுசாகத் திருப்பிவிட்டார். மெஷின் குபுகுபுவென்று வெண்புகை விட்டது. அவர் முகத்தில் அதைத் தாமே கண்டுபிடித்த பெருமை.

"தொண்டைக்கு ஃபாரின் மெஷின் இருக்கு. தூசிக்கு ஒரு துணி இல்ல" என்றாள் ஆரோக்கியமணி அம்மாள்.

அறைக்குள் சேலை கட்டிக்கொண்டிருந்த மில்ட்ரெட் டீ ட்ரேயுடன் வந்தாள். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. தினமும் லோக்கல் ரயிலில் தளேகாவ் போய், ஃபேக்டரி லேப்பில் வேலை பார்த்துவிட்டு வருகிறவள். அதைப் பற்றி ஆரோக்கியமணி அம்மாள் மூச்சு விடவில்லை.

"ஜாடு, போச்சா எல்லாம் நீயே பண்ணுவியா?"

"பெருக்குவேன், துடைப்பேன், ஆன்ட்டி."

"அந்த லட்சணத்தத்தான் பாத்தேனே. ஒரு வேளைக்கு எத்தனை சப்பாத்தி போடுவே?"

"பத்து, பன்னெண்டு..."

"எங்க மோசஸுக்கு மட்டுமே எட்டு வேணும்."

மோசஸ் தலையாட்டினான். சப்பாத்தி தின்பதில் பட்டம் வாங்கியவன் மாதிரி நிமிர்ந்து வேறு உட்கார்ந்துகொண்டான். மில்ட்ரெட் அப்பாவைப் பார்த்தாள். 'சிரி' என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார். பாவம், சிரித்தாள்.

"சரி, ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பலாம்" என்று ஆரோக்கியமணி அம்மாளே ஆரம்பித்தாள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். "கர்த்தாவே, இந்த வீட்டுல இருக்கிற எல்லா அசுத்தத்தையும் கழுவும். இந்தப் பிள்ளைகளுக்குச் சுத்தத்தைப் போதியும்..." கடவுளிடம் புகார் கொடுக்கும் வேலை வெகுநேரம் நடந்தது. இன்பநாதன் ஆமென் என்று சொன்ன வேகத்தில் எல்லோருக்கும் கண் திறந்துவிட்டது.

ஆரோக்கியமணி அம்மாள் டீப்பாய் மேல் வைத்திருந்த கறுப்புக் கைப்பையை எடுத்தாள். எடுத்தவள் அலறினாள்.

"ஐயோ, என் பை மேலயே படிஞ்சிருச்சு! இப்ப வெச்ச பை! வேண்டாம் பிரதர். இவ வந்தா என் வீடும் இப்படித்தான் நாறும். இது சரிப்பட்டு வராது. மோசஸ், எந்திரி."

மோசஸ் எழுந்தான். அதுவும் உடனே.

அவர்கள் படியிறங்கியதும் இன்பநாதன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நாள் பூரா வீட்டுல உக்காந்து என்னத்தக் கிழிக்கிறே? ஒரு ஹாலைத் துடைக்கத் துப்பில்ல! உன்னாலதான் என் மக வாழ்க்கை போச்சு!"

ஈனிட் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொரு தடவை காலில் விழுந்தாவது பார்க்கலாம் என்று இன்பநாதன் ரிக்ஷா ஸ்டாண்டை நோக்கி ஓடினார்.

மில்ட்ரெட் டீப்பாயைத் தடவிப் பார்த்தாள். அவளே காலையில் துடைத்த டீப்பாய். மெஷினை அணைத்து, உள்ளே மிச்சமிருந்த தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

"என்ன மம்மி இது? இதுல கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணி மட்டும்தான் ஊத்தணும்னு எத்தனை தடவை சொன்னேன்? போர் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி. ஊத்தினா புகையோட பறந்து வீடெல்லாம் வெள்ளையாப் படியும்னு சொன்னேன்ல. மறந்துட்டீங்களா?"

"மறக்கல" என்றாள் ஈனிட். "அதனாலதான் காலையிலருந்து அதையே ஊத்தினேன்."

"வேணும்னேவா? ஏன் மம்மி?"

"நேத்து ஒரு வேலைக்காரப் பாயி நம்ம வீட்டுக்கு வேலை கேட்டு வந்தா" என்றபடி ஈனிட் துணியை எடுத்து ஷோகேஸைத் துடைக்கத் தொடங்கினாள். "கட்கியில பத்து வருஷமா வேலை செஞ்ச வீட்டுலருந்து போன மாசம் நிறுத்திட்டாங்களாம். 'புது மருமக வரப்போறா, இனிமே நீ எதுக்கு'ன்னு சொல்லி அவளை அனுப்பினது இந்த ஆரோக்கியமணிதான்."