எதிர்க்கணக்கு

பெரியவர் இரண்டு உறைகளையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

இடது பக்கம் இருந்தது அவளுடையது. வலது பக்கம் இருந்தது, அலுவலகத்தின் மேல்மாடியில் உட்காரும் மேல்மாடிக்காரருடையது.

ஒரு நூலகத்தின் மாடித்தளத்தைத் தாங்கப்போகும் பீம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. உறைக்குள் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. சீட்டில் ஒரே ஒரு எண்.

பெரியவர் நடத்தும் அந்தக் கட்டட ஆலோசனை அலுவலகத்தில் அதுதான் வழக்கம். ஒருவர் கணக்குப் போடுவார். இன்னொருவர் அதைக் கண்ணாலும் பார்க்காமல், முதலிலிருந்து எதிர்க்கணக்குப் போடுவார். உறை பிரிக்கும் நாள்வரை இருவரும் அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. வாய் நழுவிவிடும்போல் இருந்தால் மழையைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

பதினோரு நாளாக அவர்கள் மழையைப் பற்றித்தான் பேசினார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

எண்கள் ஒத்துப்போனால் இன்று முதல் அவளுடைய வரைபடங்களில் அவளே கையெழுத்துப் போடலாம். ஆறு வருடமாக அவள் போட்ட கணக்குகளுக்கெல்லாம் கீழே வேறொருவர் பெயர்தான் இருந்தது. ஒரு மாடிப்படியின் கைப்பிடிக்குக்கூட.

அலுவலகத்தில் அவளுக்கு யானை என்று பெயர். உடம்பைப் பார்த்து வைத்ததல்ல. அவள் போடும் பீமின்மேல் யானைக்குக் கல்யாணமே நடத்தலாம் என்று வரைபடம் போடுகிறவர் ஒருநாள் சொல்லப்போக, அது ஒட்டிக்கொண்டது.

மேல்மாடிக்காரர் நேர்மாறு. பென்சில் நகத்தளவு ஆகும்வரை விடமாட்டார். யாராவது ஒரு கம்பி கூடுதலாகப் போட்டுவிட்டால் தன் விலா எலும்பை உருவிவிட்ட மாதிரி பார்ப்பார்.

அவளுக்கு வந்த எண் எழுநூற்றைம்பது மில்லிமீட்டர். மூன்று தடவை போட்டாள், மூன்று தடவையும் அதேதான். ஆனால் மேல்மாடிக்காரர் செத்தாலும் அறுநூற்றைத் தாண்ட மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

நேற்று மத்தியானம் கணக்கை மறுபடி எடுத்தாள். தளம் முழுக்கப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும் என்று வைத்திருந்ததை, சுவரோரம் மட்டும் என்று மாற்றினாள். எண் மளமளவென்று இறங்கி அறுநூற்றில் நின்றது.

பொய்க்கணக்கு இல்லை, தைரியமான கணக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உறையை ஒட்டிய கை அவளுடையது மாதிரியே இல்லை.

பெரியவர் இடது உறையைப் பிரித்தார்.

அறுநூறு.

வரைபடம் போடுகிறவர் தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்தினார். யானை இளைத்துவிட்டதே என்று முணுமுணுத்தார்.

வலது உறை.

எழுநூற்றைம்பது.

அவள் எண்ணைப் பார்த்தாள். பிறகு மேல்மாடிக்காரரைப் பார்த்தாள். அவரோ சன்னலுக்கு வெளியே, பெய்யாத மழையை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாழ்நாளில் எந்த பீமுக்கும் அவர் அவ்வளவு தாராளம் காட்டியதில்லை. யானை எந்த எண்ணை எழுதும் என்று யோசித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அதுவரை ஏறி வந்திருக்கிறார். அவள் இறங்கி வந்த அதே நாளாகக்கூட இருக்கலாம். வழியில் எங்கோ இருவரும் ஒருவரையொருவர் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

பெரியவர் இரண்டு சீட்டுகளையும் எடுத்தார். எழுநூற்றைம்பதை அவளுடைய உறைமேல் வைத்தார். அறுநூற்றை மேல்மாடிக்காரரின் உறைமேல் வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று, சுவரில் மாட்டிய படம் கோணலில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பவர்போலப் பார்த்தார்.

வரைபடம் போடுகிறவருக்குத் தேநீர் புரையேறியது.

“பீமுக்கு விட்டுக்கொடுக்கவெல்லாம் தெரியாதும்மா. அதுக்கு உன் பயமும் வேணும், அவங்க கஞ்சத்தனமும் வேணும். தனித்தனியா வேணும்” என்றார் பெரியவர்.

அப்படியானால் கையெழுத்து, என்று அவள் இழுத்தாள்.

கையெழுத்து எங்கேயும் ஓடிவிடாது, அதற்கு மேலே இருக்கும் எண் முதலில் உன்னுடையதாக இருக்கட்டும் என்றார் அவர். சீட்டுகளைக் கிழித்துக் கூடையில் போட்டார். அலமாரிகள் சுவரோரமா, தளம் முழுக்கவா என்று நூலகத்தாரிடம் இன்றே எழுத்தில் வாங்கி, ஆளுக்கொரு நகல் தருவதாகச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து. மூன்று நாள் தவணை. அதுவரை பழையபடி மழைதான்.

இந்தத் தடவை வந்ததை வந்தபடியே எழுதுகிறேன் என்றாள் அவள்.

மேல்மாடிக்காரர் தொண்டையைச் செருமினார். தானும் அப்படியே என்றார். பதினோரு நாளில் மழை இல்லாத முதல் பேச்சு அது. சொல்லிவிட்டு, ஏதோ குற்றம் செய்துவிட்டவர்போல மறுபடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்களை நம்ப முடியாது என்று நினைத்திருக்க வேண்டும். தொலைபேசியை எடுத்து அவளுடைய கணவனைக் கூப்பிட்டார்.

“தம்பி, இன்னும் மூணு நாள் பொறுத்துக்க. உன் வீட்டுக்காரிக்கு ஒரு ரூம்ல சோறு போடு. இங்க மேல்மாடியில உட்கார்ற உங்கம்மாவுக்கு இன்னொரு ரூம்ல.”